தாளத்தைத் தின்னும் தாமதம்

வீட்டின் ஓர் அறையே ஸ்டூடியோவாகிவிட்ட காலம் இது. ஆனால் வாசிப்பவரின் விரலுக்கும் காதுக்கும் நடுவே கம்ப்யூட்டர் விழுங்கிவிடும் சில மில்லி வினாடிகள், தேர்ந்த கலைஞரையும் தாளம் தெரியாதவர்போல் காட்டிவிடுகின்றன.

ஒரு வினாடியை நூறு துண்டாக நறுக்கினால், அதில் மூன்று துண்டு. கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. பேருந்துக்குக் காத்திருப்பவருக்கோ பேங்கில் டோக்கன் வாங்கி நிற்பவருக்கோ இது ஒரு நேரமே அல்ல. ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் பதிவு செய்ய உட்காரும் தபலாக் கலைஞரை ஆட்டம் காணவைக்க அந்த மூன்று துண்டு போதும்.

நடப்பது இதுதான். அவர் விரல் தோலில் விழுகிறது. அந்த ஓசை மைக் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய், அங்கே எண்களாக மாறி, மறுபடி ஓசையாகி ஹெட்போனுக்கு வந்து சேர்வதற்குள் கொஞ்ச நேரம் கழிந்துவிடுகிறது. தான் வாசித்தது தனக்கே பிந்திக் கேட்கிறது. அதைச் சரிக்கட்ட அவர் அறியாமலே கையைச் சற்று முந்த விடுகிறார். அல்லது கேட்டுவிட்டு வாசிக்கலாம் என்று தயங்குகிறார். முந்தினாலும் பிந்தினாலும் சமத்தில் வந்து விழவேண்டிய அடி தள்ளி விழுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இன்னொரு டேக் போகலாமா?” என்ற குரல் வருகிறது. மூன்றாவது டேக்கில் கலைஞரின் முகம் சுருங்குகிறது. ஐந்தாவது டேக்கில் அவர் தன் மீதே சந்தேகப்பட ஆரம்பிக்கிறார்.

தவறு அவருடையதல்ல. ஒலிப்பதிவுத் தொழிலில் ‘லேட்டன்ஸி’ என்று அழைக்கப்படும் இந்தத் தாமதம், மும்பையிலும் சென்னையிலும் கொல்கத்தாவிலும் மட்டுமல்ல, ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் இருக்கிற எந்த ஊரிலும் குடியிருக்கிறது. பெரிய ஸ்டூடியோக்களில் அதைக் கட்டுப்படுத்த ஆளும் கருவியும் உண்டு. படுக்கையறையில் போர்வையைத் தொங்கவிட்டுப் பாடும் புதியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தனக்குத்தான் பாட வரவில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார்.

கூடத்திலிருந்து அறைக்கு

ஒரு காலத்தில் திரைப்பாட்டுப் பதிவு என்பது கல்யாண வீடு மாதிரி. மும்பை தார்தேவிலிருந்த ஃபிலிம் சென்டரிலோ, சென்னையில் ஏவி.எம்., பிரசாத் கூடங்களிலோ வயலின் வரிசை ஒரு பக்கம், தாள வாத்தியங்கள் ஒரு பக்கம், நடுவில் இசை நடத்துபவர், தனிக் கூண்டில் பாடகர். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. அங்கே பிந்தி வருவது மனிதர்கள்தான், ஒலி அல்ல.

அதற்கும் முன்னால், 1902ல் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கவுஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தபோது மைக்கூடக் கிடையாது. பாடகி ஓர் அகலமான உலோகக் கொம்பின் வாய்க்குள் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழித்தது. தன் குரலை அவர் தன் காதாலேயே கேட்டார். தாமதத்துக்கு அங்கே இடமே இல்லை.

மல்ட்டி டிராக் வந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1992ல் வெளியான ‘ரோஜா’வின் இசை, ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தன் வீட்டை ஒட்டி அமைத்திருந்த ஸ்டூடியோவிலிருந்து வந்தபோது, கூட்டமில்லாத அறையிலிருந்தும் பெரிய இசை வரும் என்பதை நாடே கேட்டது. இன்று வயலின்காரர் ஒரு நாள், புல்லாங்குழல்காரர் மறு நாள், பாடகர் வேறு ஊரில் என்பதே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவரும் தனியாக, ஏற்கெனவே பதிவானதை ஹெட்போனில் கேட்டு அதன் மீது வாசிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துக் காலப்பிரமாணம் பிடித்த தலைமுறைக்கு இப்போது ஹெட்போன் ஒன்றே துணை. அந்தத் துணை காலம் தவறினால் நிலைமை என்னாகும்?

டேப்பிலும் இருந்த சங்கடம்

இந்தத் தொல்லையைக் கம்ப்யூட்டர்தான் கொண்டுவந்தது என்று நினைப்பது சரியல்ல. காந்த டேப் காலத்திலேயே இது தலைகாட்டியது. தொழில்முறை டேப் மெஷினில் பதிவு செய்யும் ஹெட் ஒன்று, திரும்பக் கேட்கும் ஹெட் வேறொன்று. இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். டேப் ஒன்றைக் கடந்து மற்றதற்குப் போக நேரம் பிடிக்கும். வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் இரண்டு ஹெட்டுக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், தாமதம் 100 மில்லி வினாடி. பழைய டிராக்கைக் கேட்டுக்கொண்டே புதிய டிராக்கில் பாடினால், பாட்டு அவ்வளவு தூரம் தள்ளிப்போய்ப் பதிவாகும்.

அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் கண்டுபிடித்த வழி எளிமையானது. பதிவு செய்யும் ஹெட்டையே, பழைய டிராக்குகளைக் கேட்கவும் பயன்படுத்துவது. ‘செல்-சின்க்’ என்று அதற்குப் பெயர். கிடார் மேதை லெஸ் பாலுக்கு 1957ல் ஆம்பெக்ஸ் கொடுத்த எட்டு டிராக் மெஷினில் அந்த வசதி இருந்தது. ஒலித்தரம் கொஞ்சம் மங்கும். ஆனால் காலம் தவறாது. தரமா, நேரமா என்ற கேள்வி வந்தபோது, பாடும் நேரத்துக்கு மட்டும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்ப்யூட்டர் யுகத்திலும் தீர்வின் சூட்சுமம் அதுவே.

எவ்வளவு பிந்தினால் உறுத்தும்?

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லி வினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர். கச்சேரி மேடையில் பாடகரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்காரும் மிருதங்கக் கலைஞர், பாட்டை ஏறக்குறைய 6 மில்லி வினாடி பிந்தித்தான் கேட்கிறார். அதைப் பற்றி எந்த மிருதங்கக்காரரும் புகார் சொன்னதில்லை. பெரிய ஆர்கெஸ்டிராவில் 15 மீட்டர் இடைவெளியில் இருப்பவர்களுக்கு இது 44 மில்லி வினாடி. அங்கே காதை மட்டும் நம்பினால் வண்டி ஓடாது; நடத்துபவரின் கைக்கோல் அதற்குத்தான்.

ஆக, தாமதம் என்பதே பாவமில்லை. எவ்வளவு, யாருக்கு என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர், தனித்தனி அறையில் இருக்கும் இருவரைக் கை தட்டவைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2004ல் வெளியானது. இருவருக்கும் இடையே சுமார் 11 மில்லி வினாடித் தாமதம் இருந்தபோது தாளம் நிலையாக நின்றது. அதற்கு மேல் ஏறினால் ஓட்டம் மெல்ல மெல்லத் தொய்ந்தது. அதைவிடக் குறைத்தால் முந்திக்கொண்டு ஓடியது. மனிதர்கள் கொஞ்சம் இடைவெளியோடு இசைக்கப் பழகியவர்கள். இடைவெளி நீண்டால் இழுபடுகிறார்கள்.

தன் குரலையே ஹெட்போனில் கேட்கும் பாடகரின் பாடு இதைவிடக் கஷ்டம். அவர் குரல் அவர் மண்டை எலும்பு வழியாக உடனே அவர் காதுக்குப் போய்விடுகிறது. சற்றுப் பிந்தி ஹெட்போனிலிருந்து அதே குரல் வருகிறது. இரண்டும் கலக்கும்போது சில சுருதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்குகின்றன, சில தடிக்கின்றன. சில மில்லி வினாடித் தாமதத்திலேயே குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ‘மைக் சரியில்லை’ என்று பாடகர்கள் சொல்லும் புகார்களில் சில, உண்மையில் மைக்கைப் பற்றியவை அல்ல. தாமதம் 200 மில்லி வினாடி அளவுக்குப் போனால் பேசுவதே கடினம். பேச்சு பிந்திக் கேட்டால் நன்றாகப் பேசுபவருக்கும் நாக்கு திக்கும் என்று பெர்னார்ட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950லேயே எழுதிவிட்டார்.

நம் இசைக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு 500 மில்லி வினாடி. அதை நான்காகப் பிரித்து வாசித்தால் ஒரு சொல்லுக்கு 125. எட்டாகப் பிரித்தால் 62.5. அந்த இடத்தில் 25 மில்லி வினாடித் தாமதம் என்பது சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கு. நீட்டி இசைக்கும் வயலின் பின்னணிக்கு இது பெரிதில்லை. துரித காலத்தில் போகும் தபலாவுக்கும் கஞ்சிராவுக்கும் காலடியில் தரையை இழுப்பது மாதிரி.

குழாயடியும் குடமும்

தாமதம் எங்கே பிறக்கிறது? மைக்கிலிருந்து வரும் மின்னலையை ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்ற பெட்டி எண்களாக மாற்றுகிறது. சி.டி. தரத்தில் வினாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் ஒரு ‘சாம்பிள்’. மாற்றும் வேலைக்கு ஒரு மில்லி வினாடி போலவோ அதற்குக் குறைவாகவோ ஆகும். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு யு.எஸ்.பி. கம்பி வழியாகப் போக இன்னும் கொஞ்சம். இவை சில்லறைச் செலவுகள். பெரிய செலவு ‘பஃபர்’.

தெருக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சொட்டையும் கையில் ஏந்தி வீட்டுக்கு ஓடமுடியாது. குடம் நிறையும்வரை நின்று, பிறகு தூக்கிக்கொண்டு போவோம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். திரை, இன்டர்நெட், பென் டிரைவ் என்று நூறு வேலைக்கு நடுவே அது ஒலியையும் கவனிக்கவேண்டும். எனவே சாம்பிள்களை ஒரு குடத்தில் சேர்த்துவைத்து, நிறைந்ததும் மொத்தமாக எடுத்துப்போகிறது. அந்தக் குடம்தான் பஃபர்.

குடம் பெரிதானால் நடை குறையும். ஆனால் நிறையும்வரை காத்திருக்கவேண்டும். 1,024 சாம்பிள் கொள்ளும் குடம் நிறைய 23 மில்லி வினாடி. உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம் என்பதால் போகவர 46. அதையே 128 சாம்பிளாகக் குறைத்தால் ஒரு குடத்துக்கு 2.9, போகவர 5.8. மாற்றிகளும் டிரைவரும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சேர்த்தால் நல்ல கருவியில் மொத்தம் 10க்கு உள்ளேயே அடங்கும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதற்குச் சமம்.

அப்படியானால் எல்லோரும் சின்னக் குடத்தையே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. குடம் மிகச் சிறிதானால் கம்ப்யூட்டர் ஓடி வருவதற்குள் அது வழிந்துவிடும். அல்லது வெளியே ஊற்றவேண்டிய நேரத்தில் காலியாக இருக்கும். காதுக்கு அது ‘பட், பட்’ என்ற வெடிப்பாகக் கேட்கும். பதிவிலும் அது சேர்ந்துவிட்டால் அந்த டேக் வீண். தாமதம் ஒரு பக்கம், வெடிப்பு மறு பக்கம். ஒலிப்பதிவு என்ஜினியரின் தினசரி வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முப்பதாண்டுப் போராட்டம்

கம்ப்யூட்டர்கள் ஒலிப்பதிவுக்காக உருவானவை அல்ல. 1990களில் விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதையில் சில நூறு மில்லி வினாடித் தாமதம் என்பது சகஜம். விளையாட்டில் துப்பாக்கி வெடித்தால் போதும் என்ற நினைப்பில் அமைத்த பாதை அது. பணமுள்ள ஸ்டூடியோக்கள் வேறு வழி போயின. புரோ டூல்ஸ் 1994ல் கொண்டுவந்த டி.டி.எம். அமைப்பில், ஒலி வேலை முழுவதையும் தனிக் கார்டுகளில் இருந்த சிப்புகளே பார்த்துக்கொண்டன. கம்ப்யூட்டரின் மூளைக்கு மேற்பார்வை வேலை மட்டும். அந்தக் கார்டுகளின் விலை சின்ன ஸ்டூடியோக்கள் கிட்டே நெருங்கமுடியாதது.

ஏழைக்கு வழி திறந்தது 1997ல். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம், விண்டோஸின் நீண்ட பாதையைச் சுற்றிக்கொண்டு சாஃப்ட்வேரையும் ஒலிக் கருவியையும் நேராக இணைக்கும் ‘ஆசியோ’ என்ற முறையை வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று அதைத் திறந்துவைத்தது. இன்றும் விண்டோஸில் பதிவு செய்பவர்களின் முதல் ஆயுதம் அதுதான். ஆப்பிள் 2001ல் மேக் ஓ.எஸ். எக்ஸ்-உடன் ‘கோர் ஆடியோ’வை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. மேக் வாங்கியவர்கள் ‘எனக்கு இந்தத் தொல்லையே இல்லை’ என்று பெருமையடித்துக்கொள்வதற்கு அதுவே காரணம். விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒலிப் பாதையைப் புதிதாகக் கட்டியது.

இலவச சாஃப்ட்வேர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. லினக்ஸுக்காக பால் டேவிஸ் ‘ஜாக்’ என்ற இணைப்பு முறையை எழுதினார். சொன்ன நேரத்தில் வேலையை முடித்தே தீரவேண்டும் என்று கம்ப்யூட்டரைக் கட்டாயப்படுத்தும் திருத்தங்கள் ஏறக்குறைய இருபதாண்டு காலம் லினக்ஸுக்கு வெளியே தனியாகவே வளர்ந்துவந்தன. 2024ல்தான் அவை முழுமையாக லினக்ஸின் மையத்துக்குள் சேர்க்கப்பட்டன.

செலவில்லாத வைத்தியம்

தாமதம் என்றதும் பலர் முதலில் கடைக்கு ஓடுகிறார்கள். புதிய லேப்டாப், கூடுதல் மெமரி, விலை உயர்ந்த இன்டர்ஃபேஸ். பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. இருக்கிற கருவியிலேயே செய்யக்கூடியவை பல.

முதலாவது, நேரடியாகக் கேட்பது. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பித்தானோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போகாமலே, பெட்டியிலிருந்து நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். தாமதம் இல்லை என்றே சொல்லலாம். அதைப் போடும்போது சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டாகக் கேட்கும். ‘ரிவெர்ப் இல்லாமல் பாடினால் வறட்சியாக இருக்கிறது’ என்பது பாடகர்களின் நியாயமான குறை. அதற்கும் வழி உண்டு. குரலைப் பெட்டியிலிருந்து நேராகவும், ரிவெர்பின் எதிரொலியை மட்டும் கம்ப்யூட்டரிலிருந்தும் கொடுக்கலாம். எதிரொலி 20 மில்லி வினாடி பிந்தி வந்தால் யாருக்கும் உறுத்தாது. எதிரொலியின் இயல்பே பிந்துவதுதான்.

கீபோர்டு வாசிப்பவருக்கும், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் கிடார்காரருக்கும் இந்த வித்தை உதவாது. அவர்கள் கேட்கவேண்டிய ஒலி பிறப்பதே கம்ப்யூட்டரில். அவர்களுக்குச் சின்னக் குடம்தான் கதி.

இரண்டாவது, சரியான டிரைவர். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தரும் ஆசியோ டிரைவரைப் போடவேண்டும். இன்டர்ஃபேஸே இல்லாதவர்கள் ‘ஆசியோ ஃபோர் ஆல்’ என்ற இலவச டிரைவரால் ஓரளவு ஒப்பேற்றலாம். மூன்றாவது, வேலைக்குத் தகுந்த குடம். பதிவு செய்யும்போது 64 அல்லது 128. பதிவு முடிந்து மிக்ஸிங் செய்யும்போது 1,024. ஒரே அளவை வைத்துக்கொண்டு இரண்டு வேலையும் செய்ய முயல்வதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம்.

நான்காவது, பிளக்-இன்கள். ஒலியின் உச்சங்களை முன்கூட்டியே பார்த்து அடக்கும் லிமிட்டர், சில வகை ஈக்குவலைசர் போன்றவை ‘கொஞ்சம் பொறு, வரப்போவதைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒலியை நிறுத்திவைப்பவை. மாஸ்டர் டிராக்கில் அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தால் குடத்தை எவ்வளவு சிறிதாக்கியும் பலன் இல்லை. பதிவு முடியும்வரை அவற்றை அணைத்துவைக்கவேண்டும். கனமான டிராக்குகளை ‘ஃப்ரீஸ்’ செய்துவிட்டால் கம்ப்யூட்டரின் சுமையும் இறங்கும்.

ஐந்தாவது, வீட்டுக் குழப்பங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க லேப்டாப் அவ்வப்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த அமைப்பை மாற்றவேண்டும். வைஃபையின் டிரைவர் பல சமயம் நடுவில் புகுந்து வெடிப்பை உண்டாக்கும். பதிவு நேரத்தில் அதை அணைக்கலாம். எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று காட்டிக்கொடுக்க ‘லேட்டன்ஸி மான்’ போன்ற கருவிகள் விண்டோஸுக்கு உண்டு. புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. அது சாதாரணமாக 100 மில்லி வினாடிக்கு மேல் தன் பங்குக்கு விழுங்கிவிடும். பத்து ரூபாயை மிச்சம் பிடித்து நூறு ரூபாயைத் தொலைக்கும் வேலை அது.

சாம்பிள் எண்ணிக்கையை 96,000ஆக உயர்த்தினால் தாமதம் பாதியாகும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். உண்மைதான்; அதே குடம் இருமடங்கு வேகத்தில் நிறையும். ஆனால் சுமையும் இருமடங்கு. வெடிப்பு வந்து குடத்தைப் பெரிதாக்கவேண்டியதாகிவிட்டால் போட்ட இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று.

இரண்டு தாமதங்கள்

இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. வாசிப்பவர் காதுக்குப் பிந்திக் கேட்பது ஒன்று. வாசித்தது பிந்திய இடத்தில் பதிவாவது வேறொன்று. முதலாவது வாசிப்பைக் கெடுக்கும். இரண்டாவது நல்ல வாசிப்பைக் கெட்டதாகக் காட்டும்.

பதிவு சாஃப்ட்வேர்கள் இரண்டாவது வகையைத் தாமாகவே சரிசெய்ய முயல்கின்றன. ‘என்னால் இத்தனை மில்லி வினாடி தாமதம்’ என்று டிரைவர் சொல்லும் கணக்கை நம்பி, பதிவானதை அவ்வளவு முன்னால் நகர்த்தி வைக்கின்றன. டிரைவர் சொல்லும் கணக்கு தவறாக இருந்தால்? ஒவ்வொரு டிராக்கும் ஒரே அளவுக்குத் தள்ளிப் பதிவாகிக்கொண்டே இருக்கும். டைரக்ட் மானிட்டரில் சுத்தமாகக் கேட்டு, சுத்தமாக வாசித்த கலைஞரின் வாசிப்பு, திரும்பப் போட்டுக் கேட்கும்போது மட்டும் இழுவையாகத் தெரியும். பழி யார் தலையில் விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இங்கேதான் இசைக்கு நேரும் சேதம் தொடங்குகிறது. பிசகு கண்ணில் பட்டதும் எடிட்டர் மவுஸை எடுக்கிறார். ஒவ்வோர் அடியையும் பிடித்துக் கட்டத்தின் கோட்டில் கொண்டுபோய் ஒட்டுகிறார். மெஷினின் தவறு போகிறது. கூடவே கலைஞரின் நடையும் போய்விடுகிறது. சமத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி வந்து அழகு காட்டுவதும், அறுதிக்கு முன்னால் லேசாக அழுத்தி ஓடுவதும் பல ஆண்டுச் சாதகத்தில் வந்தவை. அவை கட்டத்தில் அடங்காதவை. தாமதம் எது, லயம் எது என்று மவுஸுக்குத் தெரியாது.

ஒளியின் வேகமும் ஒரு வேலிதான்

அறைக்குள் இருக்கும் தாமதத்தை அடக்கலாம். ஊருக்கு ஊர் இருக்கும் தாமதத்தை? 2020ல் கொரோனா ஊரடங்கு எல்லோரையும் வீட்டில் உட்காரவைத்தபோது, வீடியோ காலில் சேர்ந்து பாடிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஒருவர் பல்லவியை முடிக்கும்போது மற்றவர் நடுவில் இருந்தார். பேச்சுக்காகச் செய்த செயலிகள் நிறையச் சேர்த்துவைத்துத்தான் அனுப்பும். உரையாடலில் கால் வினாடி பிந்தினால் பொறுத்துக்கொள்ளலாம், தாளத்தில் முடியாது.

ஜாக்டிரிப், ஜாமுலஸ் போன்ற இசைக்கான இலவச சாஃப்ட்வேர்கள் இந்தச் சேமிப்பை முடிந்தவரை குறைத்தன. நல்ல கம்பி இணைப்பு இருந்தால் ஒரே நகருக்குள் சேர்ந்து வாசிக்கமுடியும். ஆனால் கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்கும் டெல்லிக்கும் நேர்கோட்டில் சுமார் 1,750 கிலோமீட்டர். நடுவில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் ஒரு வழிக்கு 9 மில்லி வினாடி ஆகும். உண்மையில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியெங்கும் சந்திப்புகள். மும்பைக்கும் லண்டனுக்கும் என்றால் வெறும் தூரத்துக்கே 36 மில்லி வினாடி. எந்த எஞ்சினியராலும் இதற்குக் கீழே போகமுடியாது. அதனால்தான் இன்றும் ஃபைலை அனுப்பி, அவரவர் இடத்தில் தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு ஒட்டவைக்கும் வழக்கம் நீடிக்கிறது.

கையடக்கப் போனிலும் இதே கதை. ஐபோன் ஆரம்பத்திலேயே இசைக்கலைஞர்களைக் கவர்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டின் ஆரம்ப ஆண்டுகளில் தாமதம் 100 மில்லி வினாடிக்கு மேல் போனதால் அதில் பாட்டுச் செயலி எழுதியவர்கள் தவித்தார்கள். 2017ல் ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த ‘ஏ ஆடியோ’ முறைக்குப் பிறகு நிலைமை தேறியது. ஆனாலும் போனுக்குப் போன் வித்தியாசம் உண்டு. நாட்டில் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான் என்பதால், அடுத்த தலைமுறைப் பாடகரின் முதல் ஒலிப்பதிவு எப்படி அமையும் என்பதை இந்த வித்தியாசமும் தீர்மானிக்கிறது.

ஒரு துண்டு வயர்

எதை மாற்றுவதற்கு முன்னாலும் அளந்து பார்ப்பது நல்லது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து அதன் உள்ளீட்டுக்கே ஒரு வயரை இணைத்துவிட்டு, சாஃப்ட்வேரில் ஒரே ஒரு ‘டிக்’ ஓசையை ஓடவிட்டு அதையே இன்னொரு டிராக்கில் பதிவு செய்யவேண்டும். இணைப்பதற்கு முன் மானிட்டரை அணைத்து, ஒலியளவையும் குறைத்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். பிறகு இரண்டு டிக்குகளையும் பெரிதாக்கிப் பார்த்தால், அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி சாம்பிள் கணக்கில் தெரிந்துவிடும். 44 சாம்பிள் என்றால் ஒரு மில்லி வினாடி. இப்படி எஞ்சி நிற்கும் பிசகைச் சாஃப்ட்வேரின் ‘ஆஃப்செட்’ கட்டத்தில் எழுதிவிட்டால், அதன் பிறகு பதிவாகும் ஒவ்வொன்றும் உரிய இடத்தில் போய் உட்காரும்.

மொத்த வேலையும் ஐந்து நிமிடம். அழைத்து வந்த தபலாக் கலைஞருக்கு மணிக்கணக்கில் சம்பளம். புதிதாகப் பாட வந்த பெண்ணுக்கு இது முதல் மைக். அவர்கள் ஹெட்போனை மாட்டுவதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடும் என்ஜினியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அறையில் ‘இன்னொரு டேக்’ என்ற குரல் குறைவாகத்தான் கேட்கிறது.